அரச விழாவுக்கு ஒரு நினைவுப் பூச்செண்டு: பிரிட்டனில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து செய்ய முழுமையான வழிகாட்டி

பிரிட்டனில் முடிசூட்டு விழாவோ ஆட்சி ஆண்டு விழாவோ பூ இல்லாமல் நடப்பதில்லை. முடிசூட்டு நடக்கும் தேவாலயமான வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் பீடத்தில் பூ, தெரு விருந்து மேசையில் பூ, தடுப்புக் கம்பிக்குப் பின்னால் காத்து நிற்கும் குழந்தையின் கையில் பூ. ஆனால் அந்த நாட்களைச் சின்ன வயதில் கண்டவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அவர்கள் பூவிலிருந்து தொடங்குவதில்லை. மழை பெய்தது, பக்கத்து வீட்டில்தான் தொலைக்காட்சி இருந்தது, பள்ளியில் விழா நினைவாக ஒரு மக் கொடுத்தார்கள், அதை வழியிலேயே போட்டு உடைத்துவிட்டேன் என்றுதான் சொல்வார்கள்.

இந்த இரண்டையும் சேர்ப்பதுதான் இங்கே சொல்லப்போகும் வேலை. ஒரு பெரியவரின் பால்ய நினைவைக் கேட்டு, அதற்கேற்ற பூக்களைத் தேர்ந்து, ஒரு பிள்ளையோடு சேர்ந்து அடுக்கி, விழா நாளில் வைப்பது. வீட்டில் செய்யலாம், வகுப்பறையில் செய்யலாம், முதியோர் இல்லத்திலும் செய்யலாம். நினைவு முதலில், பூ அப்புறம் என்ற வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று கடையில் மூன்று கட்டுப் பூ வாங்கிச் செருகினால் மேசை அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது யாருடைய மேசையாகவும் இருக்கலாம்.

நினைவைக் கேட்பது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். விழாவுக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.

"முடிசூட்டு விழா ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டால் "இருக்கு, நல்லா இருந்தது" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். அன்றைக்கு என்ன உடுத்தியிருந்தீர்கள்? யார் கையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்? என்ன சாப்பிடக் கொடுத்தார்கள்? குளிராக இருந்ததா? வீட்டு முன்னால் என்ன செடி இருந்தது? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பூ பெரும்பாலும் அதற்கான பதிலில்தான் கிடைக்கும்.

எந்த ஆண்டில் என்ன நடந்தது என்று கொஞ்சம் தெரிந்துவைத்திருந்தால் நினைவைத் தூண்டிவிடலாம். இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழா 1953 ஜூன் 2-ஆம் தேதி நடந்தது. நல்ல மழை. டோங்கா நாட்டு அரசி சலோட்டே அந்த மழையிலும் கூரை மூடாத வண்டியில் சிரித்துக்கொண்டே போனார். அன்று பிள்ளையாக இருந்த பலர் எலிசபெத்தை மறந்தாலும் அவரை மறப்பதில்லை. இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள், பெரும்பாலும் அடுத்தவர் வீட்டு முன்னறையில் நெருக்கியடித்துக்கொண்டு. படம் கறுப்பு வெள்ளை. போர்க்காலப் பங்கீட்டிலிருந்து மிட்டாய் விடுபட்டது அதே ஆண்டு பிப்ரவரியில்தான். சர்க்கரைக்கு இன்னும் பங்கீடு இருந்ததால் விழாவுக்கென்று ஆளுக்கு ஒரு பவுண்டு சர்க்கரை கூடுதலாகக் கொடுத்தார்கள். "அன்றைக்கு என்ன மிட்டாய் கிடைத்தது?" என்ற கேள்விக்கு அவ்வளவு உற்சாகமாகப் பதில் வருவது இதனால்தான்.

கொஞ்சம் இளையவர்களிடம் 1977-ஐக் கேளுங்கள். எலிசபெத் ஆட்சியின் 25-ஆம் ஆண்டு வெள்ளி விழாவுக்காக ஜூன் 7-ஆம் தேதி நாடெங்கும் தெருக்களில் மேசை போட்டு விருந்து நடந்தது. காகிதத் தொப்பி, கிரேப் காகித அலங்காரம், மாறுவேடப் போட்டி எல்லாம் அன்றைய பிள்ளைகளுக்கு நன்றாக நினைவிருக்கும். 2012-இல், அறுபதாம் ஆண்டு வைர விழாவில் தேம்ஸ் ஆற்றில் சுமார் ஆயிரம் படகுகள் மழையோடு மழையாகப் போயின. 2022-இல், எழுபதாம் ஆண்டு பிளாட்டினம் விழாவின்போது லண்டன் கோபுரத்தின் அகழியில் 2 கோடிக்கும் மேற்பட்ட விதைகளைத் தூவி ஒரு பூவெளியை உருவாக்கினார்கள். பிள்ளைகள் அதற்குள் சறுக்குமரத்தில் இறங்கினார்கள். அப்போது ஐந்து வயதாக இருந்த குழந்தைக்கும் இன்று சொல்ல ஒரு பால்ய நினைவு இருக்கிறது. அதையும் கேளுங்கள்.

நம் குடும்பங்களில் இன்னொரு இழையும் உண்டு. 1953-இல் இலங்கைக்கும் எலிசபெத்தான் அரசி. நார்மன் ஹார்ட்னெல் வடிவமைத்த முடிசூட்டு உடையில் இங்கிலாந்தின் டியூடர் ரோஜா, ஸ்காட்லாந்தின் திசில், வேல்ஸின் லீக், வட அயர்லாந்தின் ஷாம்ராக் ஆகிய அடையாளச் செடிகளோடு, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தாமரையைத் தைத்திருந்தார்கள். 1954 ஏப்ரலில் இலங்கை வந்தபோது, கொழும்பில் நாடாளுமன்றத்தைத் தொடங்கிவைக்க அதே உடையைத்தான் அவர் அணிந்தார். அந்தப் பயணத்தின்போது பள்ளிப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று எண்பதை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள். உங்கள் வீட்டு அம்மம்மாவோ தாத்தாவோ அவர்களில் ஒருவராக இருக்கலாம். "அம்மம்மா, ராணி வந்தபோது உங்கள் பள்ளியில் என்ன செய்தார்கள்?" என்று பேரப்பிள்ளையே கேட்கட்டும். நாம் கேட்டால் சுருக்கமாகச் சொல்வதைப் பேரப்பிள்ளை கேட்டால் விரிவாகச் சொல்வார்கள்.

கேட்கும்போது மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும்.

நினைவுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். 1953-இல் நடந்ததை 1977 என்றும், தொலைக்காட்சியில் பார்த்ததை நேரில் பார்த்ததாகவும் சொல்வார்கள். பேச்சின் நடுவே திருத்தாதீர்கள். சொன்னபடியே எழுதிக்கொண்டு, ஆண்டு பற்றிய சந்தேகத்தைத் தனியாகக் குறித்துவையுங்கள்.

எல்லா நினைவும் கொண்டாட்டமாக இருக்காது. அன்றைக்கு அம்மா ஆஸ்பத்திரியில் இருந்திருக்கலாம். பேரரசின் ஆட்சியில் பட்ட காயத்தால் விழாவே பிடிக்காமல் இருந்திருக்கலாம். அதைச் சொல்பவரைப் பேச விடுங்கள். அந்த நினைவையும் ஒரு பூச்செண்டு தாங்கும். பொதுவில் வைக்கலாமா என்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நினைவு மங்கிவரும் பெரியவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பது அவர்களைச் சோர்வாக்கும். அதற்குப் பதில் ஒரு ஸ்வீட் பீ கொத்தையோ ரோஸ்மேரித் தண்டையோ கையில் கொடுத்து முகரச் சொல்லுங்கள். வாசனை சில நேரம் கேள்வியைவிட நன்றாகக் கதவைத் திறக்கும்.

நினைவிலிருந்து பூவுக்கு

கேட்டதிலிருந்து ஒரே ஒரு காட்சியைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் ஒரே செண்டில் சொல்ல நினைத்தால் எதுவுமே தெரியாது.

ஒருவர், "பக்கத்து வீட்டில் திரைச்சீலையை மூடிவிட்டு டிவி பார்த்தோம், வெளியே மழை, கையில் மக்" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். இங்கே பாத்திரம் முடிவாகிவிட்டது: மக். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் பெரும்பகுதி வெள்ளைப் பூ. மழைக்கு ஆல்கெமில்லா இலை, அதன்மேல் தண்ணீர்த் துளிகள் முத்துமுத்தாக நிற்கும். நடுவில் ஒரே ஒரு சிவப்புப் பூ, மிட்டாய்க்காக. அரசி அன்று கையில் ஏந்தியிருந்த செண்டும் முழுக்க வெள்ளைதான். ஆர்க்கிட், லில்லி ஆஃப் த வேலி, ஸ்டெஃபனோட்டிஸ், கார்னேஷன் என்று நாட்டின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வந்த பூக்கள் அவை. ஆக, வெள்ளைக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது.

இதுபோல் பூவுக்குக் காரணம் கிடைக்க அரச மரபிலேயே நிறைய இருக்கிறது. மிர்ட்டில் என்ற சிறு வெள்ளைப் பூச்செடி விக்டோரியா காலத்திலிருந்து அரச திருமணச் செண்டுகளில் இடம்பெறுகிறது. எலிசபெத்தின் 1947 திருமணச் செண்டிலிருந்த மிர்ட்டிலை நட்டு வளர்த்த செடியிலிருந்து, 2022-இல் அவருடைய சவப்பெட்டி மேல் வைத்த மலர் வளையத்துக்குக் கிளை எடுத்தார்கள். ரோஸ்மேரி என்றால் நினைவு. மன்னர் சார்ல்ஸின் 2023 முடிசூட்டு அழைப்பிதழின் ஓரத்தில் லில்லி ஆஃப் த வேலி, கார்ன்ஃப்ளவர், காட்டு ஸ்ட்ராபெர்ரி, காட்டு ரோஜா, புளூபெல் ஆகியவற்றோடு ரோஸ்மேரியையும் வரைந்திருந்தார்கள். எந்தச் செண்டாக இருந்தாலும் ஒரு ரோஸ்மேரித் தண்டு சேர்ப்பது என் வழக்கம். மலிவு, வாசனை, பல நாள் வாடாது.

தாமரை வேண்டுமென்றால் நிஜப் பூவுக்கு அலையாதீர்கள். கிடைப்பது அரிது, கிடைத்தாலும் வெட்டியபின் நிற்காது. வெளிர் இளஞ்சிவப்புப் பியோனி அந்த இடத்தை நன்றாக நிரப்பும். இல்லையென்றால் பிள்ளை ஒரு காகிதத் தாமரை மடிக்கட்டும்.

பூ சேகரிப்பது

அரச விழாக்கள் பெரும்பாலும் மே, ஜூனில் வருவது நம் அதிர்ஷ்டம். அப்போது பிரிட்டிஷ் தோட்டம் நிறைந்திருக்கும்: பியோனி, ரோஜா, ஸ்வீட் பீ, ஸ்வீட் வில்லியம், கார்ன்ஃப்ளவர், அக்விலீஜியா, நைஜெல்லா. விழாத் தேதி முன்கூட்டியே தெரிந்தால் பிள்ளையோடு சேர்ந்து விதைக்கலாம். கார்ன்ஃப்ளவரையும் ஸ்வீட் பீயையும் இலையுதிர் காலத்தில் விதைத்தால் கோடையின் தொடக்கத்தில் பூக்கும். விட்டுவிட்டால் மார்ச்சிலும் விதைக்கலாம், பூ கொஞ்சம் தள்ளிப்போகும்.

வாங்குவதானால் உள்ளூரில் விளைந்ததைக் கேட்டு வாங்குங்கள். 2023-இல் அபேயை அலங்கரித்ததும் பிரிட்டனின் எல்லாப் பகுதிகளிலும் விளைந்த பருவகாலப் பூக்கள்தான். காட்டுப் பூக்களைப் பொறுத்தவரை, நில உரிமையாளரின் அனுமதியில்லாமல் எந்தச் செடியையும் வேரோடு பிடுங்குவது சட்டப்படி குற்றம். இயற்கைக் காப்பகங்களில் பூவைக்கூடப் பறிக்கக் கூடாது.

பிள்ளைகள் கை வைக்கும் வேலை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: லில்லி ஆஃப் த வேலி பார்க்க மென்மையானது, ஆனால் இலை முதல் பழம் வரை முழுச் செடியும் விஷம். அது நின்ற தண்ணீரும் ஆபத்து. ஃபாக்ஸ்குளோவ், டெல்ஃபினியம், லபர்னம் ஆகியவையும் விஷச்செடிகள்தான். சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பூனை இருக்கும் வீட்டில் லில்லி வேண்டவே வேண்டாம், மகரந்தம் பட்டாலே பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும். டாஃபோடிலின் பால் தோலை அரிக்கும், மற்றப் பூக்களையும் வாட்டும். அதைத் தனிக் குவளையில் சில மணி நேரம் வைத்துவிட்டு, மறுபடி தண்டை வெட்டாமல் அப்படியே மற்றவற்றோடு சேருங்கள்.

வெட்டியதும் செய்ய வேண்டியவை

இந்தப் படியை அவசரத்தில் தாண்டினால் விருந்து தொடங்கும்போதே பூ தலைகவிழ்ந்துவிடும். விழாவுக்கு முந்தைய நாள் அதிகாலையிலோ மாலையிலோ வெட்டுங்கள், வெயிலில் வேண்டாம். பியோனி மொட்டை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். இறுக்கம் விட்டு லேசாக அமுங்கினால் அதுதான் பதம். கல்லாக இருக்கும் மொட்டு விரியாமலே போகலாம்.

சோப்புப் போட்டுக் கழுவிய வாளியில் குளிர்ந்த தண்ணீர் நிரப்புங்கள். தண்டைச் சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளையெல்லாம் உருவிவிட்டு, கழுத்தளவு தண்ணீரில் இருட்டான குளிர்ந்த இடத்தில் இரவு முழுக்க வையுங்கள். ஹைட்ரேஞ்சியாவின் பூக்கொத்தைத் தலைகீழாகத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைக்கலாம். ரோஜா முள்ளை நீக்குவது பெரியவர் வேலை.

பூ நிற்க என்ன வைப்பது

பூக்கடைகளில் தரும் பச்சை நுரைக்கட்டியை வாங்காதீர்கள். அது பிளாஸ்டிக். மக்காது, உதிர்ந்து நுண்துகளாகத் தண்ணீரில் கலக்கும். 2022-இல் ராணியின் சவப்பெட்டி மேலிருந்த வளையத்தை மன்னரின் விருப்பப்படி நுரைக்கட்டி இல்லாமல், பாசியும் ஓக் கிளைகளும் கொண்டுதான் செய்தார்கள். அவ்வளவு பெரிய வளையத்துக்கே அது தேவைப்படவில்லை.

கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பி வலையில் ஒரு துண்டு வெட்டி, தளர்வாகச் சுருட்டிப் பாத்திரத்துக்குள் வையுங்கள். வலைக்கண்களில் தண்டு நிற்கும். வெட்டிய முனை கையைக் கிழிக்கும் என்பதால் கையுறை போட்டு நீங்களே இதைச் செய்யுங்கள். பிள்ளைகளுக்கு வேறு வழி: குவளையின் வாயில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுநாடா ஒட்டி, கட்டங்கள் வழியே தண்டைச் செருகச் சொல்லலாம்.

அடுக்குவது

பழைய முடிசூட்டு மக்கைப் பாத்திரமாக வைப்பதானால் அதற்குள் நேரடியாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். 70 வருஷம் பத்திரமாக இருந்த மக்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். உள்ளே ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையை இறக்கி அதில் அடுக்குங்கள்.

முதலில் இலைதழை. செண்டின் வடிவம் அதில்தான் அமைகிறது. பூவின் உயரம் பாத்திரத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் கண்ணுக்குச் சரியாக இருக்கும். பிறகு பெரிய பூக்கள், ஒற்றைப்படை எண்ணிக்கையில். கடைசியில் இடைவெளி நிரப்பும் சின்னப் பூக்கள். பிள்ளை ஒரு பூவைக் கோணலாகச் செருகினால் எடுத்து மாற்றாதீர்கள். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து "அதை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று சொல்லட்டும். மீதிக் கதையெல்லாம் அந்தப் பேச்சில்தான் வரும், எனவே கைபேசியில் ஒலிப்பதிவை ஓட விட்டுவையுங்கள், அவரிடம் சொல்லிவிட்டு.

1977 தெரு விருந்து மாதிரி நீண்ட மேசை என்றால் ஒரே பெரிய அலங்காரம் வைக்காதீர்கள், எதிரில் இருப்பவர் முகம் மறைந்துவிடும். ஜாம் போத்தல்களைக் கழுவி எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒருவருடைய நினைவுக்கான ஒரு சின்னக் கொத்து வையுங்கள். முப்பது பேர் உட்காரும் மேசைக்கு ஏழெட்டுப் போத்தல் போதும். காற்றில் சாயாமலிருக்க அடியில் கூழாங்கல் போடுங்கள். தெருவை மூடி விருந்து வைப்பதற்கு உள்ளூர் மன்றத்திடம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், அதைப் பூவுக்கும் முன்னால் பாருங்கள்.

அரச குடும்பத்தினர் வரும் இடத்தில் பிள்ளை கையால் கொடுக்கும் செண்டு வேறு வகை. பிள்ளையின் ஒரு கைக்குள் அடங்க வேண்டும். முள், கம்பி, குண்டூசி எதுவும் கூடாது. தண்டுகளை ஒரே திசையில் சுழற்றிச் சுழற்றி அடுக்கி, நடுவில் கயிறு கட்டி, முனைகளை ஈரப் பஞ்சால் சுற்றி மேலே ரிப்பன் கட்டுங்கள். மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும் என்பதால் ஸ்வீட் பீ போன்ற மென்மையானவை வேண்டாம். ஸ்வீட் வில்லியமும் கார்னேஷனும் தாக்குப்பிடிக்கும். வாங்கியவர் கையிலிருந்து அது உடனே உதவியாளர் கைக்குப் போய்விடும் என்று பிள்ளையிடம் முன்பே சொல்லிவையுங்கள். இல்லையென்றால் குழந்தை மனசு வாடிவிடும்.

நினைவுச் சீட்டு

ஒவ்வொரு செண்டோடும் ஒரு சீட்டு. பென்சிலில் எழுதுங்கள், மை தண்ணீர் பட்டால் கரையும். மூன்று நான்கு வரி போதும்: எந்த ஆண்டு, எந்த ஊர், அப்போது என்ன வயது, என்ன நடந்தது. அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "மிகுந்த மகிழ்ச்சியுடன் கண்டுகளித்தோம்" என்று அவர் சொல்லியிருக்க மாட்டார். "கால் வலித்தது, ஆனாலும் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அழுதேன்" என்றிருந்தால் அப்படியே இருக்கட்டும். முழுப் பெயர் வேண்டுமா, முதல் பெயர் போதுமா என்பது அவர் முடிவு. பழைய புகைப்படத்தை வைப்பதானால் நகல் எடுத்து வையுங்கள், அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.

பொது இடத்தில் வைப்பதாக இருந்தால்

2022 செப்டம்பரில் ராணி மறைந்தபோது லண்டனின் கிரீன் பார்க்கிலும் ஹைட் பார்க்கிலும் மலை மலையாகப் பூ குவிந்தது. உறைகளை நீக்கிவிட்டு வெறும் பூவை மட்டும் வையுங்கள் என்று பூங்கா நிர்வாகம் கேட்டுக்கொண்டது; வாடிய பூக்களை உரமாக்கிப் பூங்காச் செடிகளுக்கே போடுவதற்காக. பிளாட்டினம் விழாவில் ராணி சிறுவர் கதைப் பாத்திரமான பேடிங்டன் கரடியோடு நடித்த காட்சியைப் பார்த்திருந்த பிள்ளைகள் கரடி பொம்மையும் அந்தக் கரடிக்குப் பிடித்த மார்மலேட் சாண்ட்விச்சும் கொண்டுவந்து வைக்க, அவை போதும் என்றும் சொல்ல வேண்டியிருந்தது. சில மாதங்களுக்கு முன் சிரித்துப் பார்த்ததைத்தான் அவர்கள் துக்கத்துக்கும் எடுத்துவந்தார்கள். நாம் வைக்கும்போதும் பிளாஸ்டிக் தாள், ரப்பர் பட்டை, நைலான் ரிப்பன் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டுப் போக வேண்டும். பருத்திக் கயிறு, காகிதச் சீட்டு போதும். அந்த இடத்தில் பூ வைக்க அனுமதி உண்டா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

விழா முடிந்தபின்

தினமும் தண்ணீர் மாற்றி, தண்டின் முனையைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் பெரும்பாலான பூக்கள் நான்கைந்து நாள் நிற்கும். நன்றாக இருக்கும்போதே பிரித்துச் சிறு கொத்துகளாக்கிப் பக்கத்து முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கலாம். 2023-இல் அபேயின் பூக்களும் அப்படித்தான் ஒரு தொண்டு அமைப்பின் வழியாகச் செண்டுகளாகப் பிரித்துத் தரப்பட்டன.

ஒவ்வொரு செண்டிலிருந்தும் ஒரு பூவை மட்டும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சும் தாள் இரண்டுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகத்தின் அடியில் இரண்டு மூன்று வாரம் விட்டால் காய்ந்துவிடும். கார்ன்ஃப்ளவரின் நீலம் காய்ந்தபின்னும் நன்றாக நிற்கும். பியோனி தடிமனானது, பூஞ்சை பிடிக்கும். இதழ்களாகப் பிரித்துக் காயவையுங்கள். காய்ந்த பூவையும் நினைவுச் சீட்டையும் ஒரே காகித உறையில் போட்டு, மேலே தேதி எழுதுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும், அது வேண்டாம்.

ஒலிப்பதிவைக் கைபேசியிலேயே விட்டுவிடாமல் அன்றைக்கே இன்னொரு இடத்தில் நகல் எடுத்துவையுங்கள். கோப்பின் பெயரில் பெரியவரின் பெயரும் ஆண்டும் இருக்கட்டும். அவர் சம்மதித்தால் ஒரு பிரதியை உள்ளூர் நூலகத்தின் வரலாற்றுப் பிரிவில் கொடுக்கலாமா என்று விசாரியுங்கள். செண்டோடு அவரும் பிள்ளையும் இருக்கும் படத்தை அச்சிட்டு, பின்பக்கம் மென்மையான பென்சிலால் இருவர் பெயரையும் எழுதி, ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.